புறஞ்சேரி இல்லாத கோள்: உலகமே நகரமானால் கழிவை யார் சுமப்பது?

2022 அக்டோபரில் தமிழ்நாடு அரசு பிறப்பித்த ஓர் ஆணை, சென்னைப் பெருநகரப் பகுதியின் பரப்பை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக உயர்த்தியது. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களின் பெரும் பகுதிகளும் அரக்கோணம் வட்டாரமும் வரைபடத்தில் பெருநகருக்குள் வந்துவிட்டன. ஏரி, வயல், மேய்ச்சல் நிலம், ஊர், சேரி என்று கிடந்த நிலப்பரப்பு ஒரே ஆணையால் ‘நகரம் வளர வேண்டிய இடம்’ ஆயிற்று. நகரத்தின் எல்லை இவ்வாறு நகர்ந்துகொண்டே போனால் எங்கே போய் நிற்கும்? பூமி முழுவதும் ஒரே நகரமாகிவிட்டால் அந்த நகரம் தன் மக்களைத் தாங்குமா?

இது புனைகதைக்குரிய கேள்வி மட்டுமன்று. இஸ்லாமாபாத் நகரை வடிவமைத்த கிரேக்க நகரமைப்பு அறிஞர் கான்ஸ்டன்டினோஸ் டாக்ஸியாடிஸ், உலகின் நகரங்கள் ஒன்றோடொன்று இணைந்து ஒற்றை நகரமாகிவிடும் என 1960களிலேயே கூறினார். அதற்கு ‘எக்குமெனோபொலிஸ்’ என்று பெயரிட்டார். ஜே. ஜி. பாப்பையோன்னுவுடன் இணைந்து அவர் எழுதிய நூல் 1974இல் வெளியானது. அந்நகரம் தவிர்க்க முடியாத எதிர்காலம் என்பதே அந்நூலின் துணிபு. நிலம் முழுவதும் கட்டடமாகிவிடும் என்று அவர் கருதவில்லை. வயலுக்கும் காட்டுக்கும் இடம் விட்டு, அவற்றினூடே நகரங்கள் வலைபோலப் பின்னிக்கொள்ளும் என்றே கணித்தார். அவருக்குப் பின் வந்த கற்பனைகளோ அந்த இடைவெளியையும் மூடிவிட்டன.

கோள் நகரம் நடக்கக்கூடியதா என்ற விவாதம் பெரும்பாலும் எண்ணிக்கையிலும் பொறியியலிலும் முடிந்துவிடுகிறது. அந்தக் கணக்கை நாமும் போட்டுப் பார்க்க வேண்டும். ஆனால் கணக்கு முடியும் இடத்தில்தான் சாதியின் கேள்வி தொடங்குகிறது.

சோற்றுக் கணக்கு

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, அன்றைய சென்னை மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு சுமார் 26,500 பேர் வாழ்ந்தனர். பூமியின் நிலப்பரப்பு ஏறத்தாழ 14.9 கோடி சதுர கிலோமீட்டர். நிலம் முழுவதும் சென்னையைப் போல் நெருக்கமானால் மக்கள்தொகை ஏறத்தாழ 4 லட்சம் கோடி ஆகும். இது இன்றைய உலக மக்கள்தொகையைப் போல் ஐந்நூறு மடங்குக்குச் சற்றே குறைவு.

இவர்கள் எதை உண்பார்கள்? ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,400 கலோரி வேண்டும் எனக் கொள்வோம். முழுவதையும் அரிசியாகவே உண்டாலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 250 கிலோ தேவை. ஒரு ஹெக்டேரில் இரு போகமும் சேர்த்து 6 டன் அரிசி விளைகிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், ஒரு சதுர கிலோமீட்டர் வயல் 2,400 பேருக்குத்தான் சோறு போடும். அதாவது ஒரு சதுர கிலோமீட்டர் சென்னைக்குப் பின்னால், பார்வைக்குத் தெரியாமல், 11 சதுர கிலோமீட்டர் வயல் இருந்தாக வேண்டும். பருப்பு, காய்கறி, எண்ணெய், பால், மீன் எதுவும் இந்தக் கணக்கில் இல்லை.

அடுக்குமாடிகளுக்குள் மின்விளக்கு ஒளியில் பயிர் செய்யலாமே என்பார்கள். 2,400 கலோரி உணவு என்பது 2.8 யூனிட் ஆற்றல். பயிர், தன்மேல் விழும் ஒளியில் நூற்றில் ஒரு பங்கை உணவாக மாற்றினாலே அது நல்ல விளைச்சல். விளக்கு, தான் பெறும் மின்சாரத்தில் பாதியைத்தான் ஒளியாக்கும் எனக் கொண்டால், ஒருவரின் ஒரு நாள் உணவுக்கு 560 யூனிட் மின்சாரம் செலவாகும். தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு இலவசமாகக் கிடைப்பது 100 யூனிட்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அளவு புரியும். சென்னையின் நெருக்கத்தில் இந்த மின்சாரம் அனைத்தும் கடைசியில் வெப்பமாக மாறும்போது, நிலத்தின் ஒவ்வொரு சதுர மீட்டரிலிருந்தும் ஏறத்தாழ 600 வாட் வெளிப்படும். பூமி சராசரியாக உறிஞ்சிக்கொள்ளும் சூரிய ஆற்றலே சதுர மீட்டருக்கு 240 வாட்தான். அந்த நகரம் பட்டினியால் சாகுமுன் தன் வெப்பத்தாலேயே வெந்துபோகும்.

ஆகவே, சென்னையின் நெருக்கத்தில் ஒரு கோள் நகரம் சாத்தியமில்லை. ஆனால் கதை இத்துடன் முடியவில்லை. கோள் நகரத்துக்குப் புனைகதையில் கிடைக்கும் மிகப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு, ஐசக் அசிமோவின் ‘ஃபவுண்டேஷன்’ வரிசையில் வரும் டிராண்டர். அதன் 7.5 கோடி சதுர மைல் நிலப்பரப்பும் உலோகக் கூரையால் மூடப்பட்டிருக்கிறது. மக்கள்தொகை 4,000 கோடிக்கு மேல். வகுத்துப் பார்த்தால் சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 200 பேர்தான். 2011இல் வயல், காடு, மலை எல்லாவற்றையும் சேர்த்துத் தமிழ்நாட்டின் மக்கள் நெருக்கமே சதுர கிலோமீட்டருக்கு 555. படிப்போரை மலைக்க வைத்த அந்தப் பேரரசின் தலைநகர், நெருக்கத்தில் நம் மாநிலத்தைவிடக் குறைந்தது.

அப்படியானால் டிராண்டரின் சிக்கல் மக்கள் பெருக்கம் அன்று. மண்ணை மூடிவிட்டு, தன் சோற்றுக்கு வேறு யாரையோ சார்ந்திருப்பதுதான் அதன் சிக்கல். இருபது வேளாண் உலகங்கள் விளைவித்து அனுப்பும் உணவில்தான் டிராண்டர் வாழ்கிறது. பேரரசு வீழ்ந்து நகரம் சூறையாடப்பட்ட பின், எஞ்சிய மக்கள் உலோகத்தைப் பெயர்த்து விற்று, அடியிலிருந்த மண்ணில் பயிர் செய்கிறார்கள். கோள் முழுவதையும் நகரமாக்கத் துணிந்த எழுத்தாளராலும், ‘புறம்’ இல்லாத ஒரு நகரத்தைக் கற்பனை செய்ய முடியவில்லை.

மூடிய உலகம் கற்பித்த பாடம்

புறம் இல்லாமல் வாழ்ந்து பார்க்கும் முயற்சி ஒன்று மெய்யாகவே நடந்தது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ‘பயோஸ்பியர் 2’ என்ற கண்ணாடிக் கூடாரத்துக்குள் 1991 செப்டம்பரில் எட்டுப் பேர் சென்றனர். ஏறத்தாழ 3 ஏக்கர் பரப்பு. வயல், சிறு காடு, சிறு கடல் எல்லாம் உள்ளேயே அமைக்கப்பட்டன. இரண்டாண்டுகள் அவர்கள் தாமே பயிரிட்டு உண்டனர், பசியோடும் வாழ்ந்தனர். மண்ணின் நுண்ணுயிர்கள் எதிர்பார்த்ததைவிட அதிக ஆக்சிஜனை உட்கொண்டதால், காற்றில் அதன் அளவு 21 விழுக்காட்டிலிருந்து 14 விழுக்காட்டை ஒட்டிச் சரிந்தது. 1993 தொடக்கத்தில் வெளியிலிருந்து ஆக்சிஜன் செலுத்தியே அவர்களைக் காக்க வேண்டியிருந்தது. எட்டுப் பேருக்கே மூடிய உலகம் எவ்வளவு கடினம் என்பது தெரிந்தது.

இன்னொரு சான்று பன்னாட்டு விண்வெளி நிலையம். அங்கே சிறுநீர், வியர்வை, மூச்சுக்காற்றின் ஈரம் என அனைத்தும் மீண்டும் குடிநீராக்கப்படுகின்றன. நீரில் 98 விழுக்காட்டை மீட்டெடுக்கும் நிலையை எட்டிவிட்டதாக நாசா 2023இல் அறிவித்தது. அங்கே கழிப்பறை பழுதானால் அதைச் சரிசெய்வது விண்வெளி வீரர்களே. முனைவர் பட்டம் பெற்றவரும் போர் விமானியும் முறைவைத்து அந்த வேலையைச் செய்கிறார்கள். அதனால் அவர்களின் மதிப்பு ஓர் இம்மியும் குறைவதில்லை.

இந்த இரு சான்றுகளும் ஒன்றையே உணர்த்துகின்றன. மூடிய உலகில் ‘கழிவு’ என்று எதுவும் இல்லை. உண்டது மண்ணுக்குத் திரும்பியாக வேண்டும். மலத்திலும் சிறுநீரிலும் உள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும் வயலுக்குப் போகாவிட்டால் அடுத்த போகம் விளையாது. அழுக்குநீர் குடிநீராகாவிட்டால் அடுத்த நாள் தாகம் தீராது. கோள் நகரம் ஒன்று உயிர் வாழ வேண்டுமானால், கழிவைக் கையாளும் உழைப்பே அதன் இதயத் துடிப்பு. அரசன் இல்லாமல் அந்த நகரம் ஓராண்டு தாக்குப்பிடிக்கலாம். தூய்மைப் பணியாளர் இல்லாமல் ஒரு வாரம் தாங்காது.

சென்னையின் புறங்கள்

இந்தப் பாடத்தோடு சென்னைக்குத் திரும்புவோம். சென்னை தன் மக்களைத் தாங்குகிறதா? தாங்குகிறது, ஆனால் தன் தோளில் அன்று.

முதலில் நீர். 1983இல் ஆந்திரத்துடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி ஆண்டுக்கு 12 டி.எம்.சி. கிருஷ்ணா நீர் சென்னைக்கு வர வேண்டும். கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் குழாய் பதித்து நீர் கொண்டுவரப்படுகிறது. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீர் குடிநீராக்கப்படுகிறது. இத்தனைக்குப் பிறகும் 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டன. அவ்வாண்டு ஜூலை 12 அன்று, ஜோலார்பேட்டையிலிருந்து 50 தொட்டி வண்டிகளில் 25 லட்சம் லிட்டர் நீருடன் முதல் ரயில் சென்னைக்கு வந்து சேர்ந்தது. தலைநகரின் தாகத்தை அன்று தணித்தது, கோடைதோறும் தானே குடிநீருக்குத் திண்டாடும் பாலாற்றுப் படுகை மாவட்டம்.

அடுத்தது கழிவு. நாள்தோறும் சேரும் ஆயிரக்கணக்கான டன் குப்பை, பல பத்தாண்டுகளாக இரண்டே இடங்களில் கொட்டப்பட்டது. ஒன்று, உழைக்கும் மக்கள் நெருங்கி வாழும் வட சென்னையின் கொடுங்கையூர். மற்றொன்று, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பெருங்குடி. அந்தச் சதுப்பு நிலம் 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. கொடுங்கையூரில் இப்போது குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலைத் திட்டம் முன்வைக்கப்பட, வட சென்னை மக்கள் அதை எதிர்த்துப் போராடி வருகிறார்கள். மாநகரத்துக்கு மின்சாரம் தரும் அனல்மின் நிலையங்களின் சாம்பல் எண்ணூரில் குவிந்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு பரவியதும் அதே எண்ணூர்க் கழிமுகத்தில்தான்.

மூன்றாவது, மனிதர்கள். கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளில் வாழ்ந்து, நகரத்தின் வீடுகளைப் பெருக்கி, சுமை தூக்கி, கட்டடம் எழுப்பிய மக்கள் 2000 முதல் கண்ணகி நகருக்கும், பின்னர் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அப்புறப்படுத்தப்பட்டனர். அவர்களில் பெரும்பகுதியினர் தலித்துகள். அவர்கள் வேலை செய்த இடத்துக்கும் குடியமர்த்தப்பட்ட இடத்துக்கும் இடையே இருபது கிலோமீட்டருக்கும் மேல் தொலைவு. 1970இல் உருவான குடிசை மாற்று வாரியத்தின் பெயர் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என மாறியது. மக்களை நகரின் ஓரத்துக்குத் தள்ளும் வழக்கம் பெயரோடு சேர்ந்து மாறிவிடவில்லை.

ஊருக்கு வெளியே சேரி என்பது கிராமத்தின் வரைபடம். ஊருக்கு வேண்டிய உழைப்பைத் தருபவர்கள் அங்கே இருப்பார்கள், ஊர் விலக்கிய அனைத்தும் அங்கே போய்ச் சேரும். கொடுங்கையூர், எண்ணூர், பெரும்பாக்கம் என்ற பெயர்களைச் சென்னை வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். அந்தப் பழைய வரைபடம் மாநகர அளவுக்குப் பெரிதாக்கப்பட்டிருப்பது தெரியும்.

தாங்கும் கிராமம், தாங்க முடியாத சாதி

இவ்விடத்தில் சூழலியல் பேசும் நண்பர்கள் சிலர் ஒரு மாற்றைச் சொல்வார்கள்: நகரம் வேண்டாம், தன்னிறைவுள்ள கிராமத்துக்குத் திரும்புவோம். அந்தக் கிராமத்தில் எதுவும் வீணாகவில்லை என்பது உண்மைதான். சாணம் எருவாயிற்று, செத்த மாட்டின் தோல் செருப்பும் பறையும் ஆயிற்று, மலம் அள்ளப்பட்டது. உயிர்ச்சத்துகளின் வட்டம் அங்கே மூடியிருந்தது. ஆனால் அந்த வட்டத்தை மூடிவைத்த குழாய் எது? பிறப்பால் விதிக்கப்பட்ட, மறுக்க முடியாத, கூலி கேட்க முடியாத தலித் உழைப்பு.

1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய அவையில் பேசிய அண்ணல் அம்பேத்கர், கிராமத்தைக் குடியரசின் அலகாக ஏற்க மறுத்து, தனிமனிதரையே அலகாக ஏற்றதை வரவேற்றது இதனால்தான். கிராமக் குடியரசுகளை வியந்தவர்கள் அதன் நிலைபேற்றைக் கண்டார்கள். அம்பேத்கரோ அந்த நிலைபேற்றின் விலையைக் கண்டார். யார் மகன், எந்தத் தெரு என்று கேளாத ஒரு வேலையும் ஒரு வாடகை வீடும் கிடைக்கும் என்ற நம்பிக்கைதான் ஒடுக்கப்பட்ட மக்களை நகரத்துக்கு அழைத்து வந்தது. அந்த நம்பிக்கையை நாம் கைவிடத் தேவையில்லை. கைவிடவும் கூடாது.

நாம் கற்க வேண்டியது வேறொன்று. ‘தாங்குமா?’ என்ற கேள்வி மட்டும் போதாது. சாதியக் கிராமம் பல நூற்றாண்டுகள் தாங்கியது. அடிமைகளை வைத்துக்கொண்டு ஒரு கோள் நகரமும் தாங்கலாம். நீரும் சத்தும் ஒரு சொட்டு வீணாகாமல் சுழலும் மிகச் சிறந்த பொறியியலை அமைத்து, அந்தச் சுழற்சியின் அடித்தளத்தில் பரம்பரை பரம்பரையாக ஒரே மக்களை நிறுத்தி வைக்க முடியும். புறம் இல்லாத உலகில் சேரி தானாக மறைந்துவிடாது. அது பூமிக்கு அடியில் போய்விடக்கூடும்.

இது மிகைக்கற்பனை அன்று. கழிவுநீர்த் தொட்டி, பாதாளச் சாக்கடைத் தொழிலாளர்களை ஒன்றிய அரசே ‘நமஸ்தே’ திட்டத்தின் கீழ்க் கணக்கெடுத்து வருகிறது. 2024இல் வெளிவந்த விவரங்களின்படி, அவர்களில் ஏறத்தாழ 92 விழுக்காட்டினர் தலித், பழங்குடி, பிற பிற்படுத்தப்பட்ட வகுப்பினர். தலித்துகள் மட்டுமே மூன்றில் இரண்டு பங்கு. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 1993இலும், அதைவிட விரிவான சட்டம் 2013இலும் வந்தன. சாக்கடையில் இறந்தோர் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க 2014இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023இல் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. ஆயினும் சாவுகள் நிற்கவில்லை. இத்தகைய சாவுகள் மிகுதியாகப் பதிவான மாநிலங்களின் முன்வரிசையில் தமிழ்நாடு நிற்கிறது. இயந்திரம் இல்லாததால் நிகழும் சாவுகள் அல்ல இவை. இயந்திரத்தைவிட ஒரு தலித்தின் உயிர் மலிவு என்று ஒப்பந்தக்காரரும் நிர்வாகமும் கணக்கிடுவதால் நிகழ்பவை.

2025 ஆகஸ்ட் 1 முதல் 13 நாள்கள், இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன் அமர்ந்து போராடியதை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலோர் பெண்கள், பெரும்பாலோர் தலித்துகள். தம் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாருக்குக் கொடுக்காதீர்கள், பணி நிரந்தரம் தாருங்கள் என்பதே அவர்கள் கேட்டது. ஆகஸ்ட் 13 நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. விண்வெளி நிலையத்தில் உயிர்காப்புப் பொறியாளர் என மதிக்கப்படும் வேலையைச் செய்பவர்களை, மாநகராட்சியின் தலைமையகம் தன் வாசலிலிருந்து அப்புறப்படுத்த விட்டது.

வரைபடம் தீட்டப்படும்போதே கேட்க வேண்டியவை

சென்னைக்கான மூன்றாம் முழுமைத் திட்டம் தயாராகி வருகிறது. அடுத்த இருபதாண்டுகளில் எந்த நிலம் எதற்கு என்பதை அது தீர்மானிக்கும். நகரம் விரியும் திசைகளுக்கு ஒரு வரலாறு உண்டு. செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமன்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் வழங்கும் திட்டம் பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் அழைப்பது அதைத்தான். அந்நிலங்களை மீட்கும் போராட்டத்தில் 1994 அக்டோபரில் ஜான் தாமஸும் ஏழுமலையும் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானதும் செங்கல்பட்டில்தான். இன்று பெருநகர எல்லைக்குள் கொண்டுவரப்பட்டிருப்பது அதே மண். மனையாகவும் தொழிற்பூங்காவாகவும் மாற்றப்படுமுன், எல்லைக்குள் வரும் ஒவ்வொரு ஊரின் பஞ்சமி நிலமும் அளக்கப்பட்டு, உரியவர்களிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். அதற்கு முன் நிலப் பயன்பாட்டு மாற்றம் கூடாது.

ஒவ்வொரு மண்டலமும் தன் குப்பையைத் தன் எல்லைக்குள்ளேயே பிரித்துக் கையாள வேண்டும். அண்ணா நகரின் குப்பையை அண்ணா நகரும், அடையாற்றின் குப்பையை அடையாறும் கையாளும் நிலை வந்தால், குப்பை குறைப்பதன் தேவையை யாரும் பிரசாரம் செய்ய வேண்டியிருக்காது. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019 முதல் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை மறுபயன்பாட்டுக்கு ஏற்பச் சுத்திகரித்து ஆலைகளுக்கு வழங்கும் நிலையங்கள் செயல்படுகின்றன. வழி தெரியாமல் நாம் நிற்கவில்லை என்பதற்கு அவை சான்று. அவ்வழியை நகரம் முழுவதற்கும் விரிக்கும்போது, அதில் வேலை செய்வோருக்கு நிரந்தரப் பணி, பயிற்சி, உரிய ஊதியம் ஆகியவை திட்டத்தின் செலவுக் கணக்கிலேயே இடம்பெற வேண்டும். எந்த மனிதரும் சாக்கடைக்குள் இறங்கத் தேவையில்லாத வடிவமைப்புக்கே ஒப்புதல் வழங்கப்பட வேண்டும். நீர்நிலைக் கரையோர மக்களுக்கு மறுவீடு, அவர்கள் வாழ்ந்த பகுதியிலேயே அமைய வேண்டும்.

திட்ட வரைவு மக்கள் கருத்துக்கு வைக்கப்படும்போது, நகரமைப்பும் பொறியியலும் சட்டமும் பயிலும் நம் மாணவர்கள் அதைப் பக்கம் பக்கமாகப் படிக்க வேண்டும். எத்தனை மக்களைத் தாங்கும், எத்தனை லிட்டர் நீர் தேவை என்ற அட்டவணைகள் அதில் இருக்கும். அவற்றின் அருகே, குப்பை எந்த ஊரின் வழியாகப் போகிறது, குழிக்குள் இறங்குபவர் யார், அப்புறப்படுத்தப்படுவோர் எந்தச் சாதியினர் என்ற மூன்று பத்திகளையும் சேர்க்கக் கோரி எழுத்துப்பூர்வமாக மனு அளிக்க வேண்டும். அந்தப் பத்திகள் காலியாக விடப்படும் திட்டம், ஐந்து மடங்கு பெரிய நகரத்துக்கு ஐந்து மடங்கு பெரிய சேரியைத்தான் வரையும்.